பதினான்காம் டூல்

என் மகளுக்கு அப்போது எட்டு மாதம். பிரசவ விடுப்பும் அதன் பிறகு எடுத்த சம்பளமில்லா விடுப்பும் முடிந்து நான் வேலைக்குத் திரும்பி ஏழு வாரம் ஆகியிருந்தது. அந்த ஏழு வாரத்தில் ஒரு நாளாவது முழுதாகத் தூங்கியதாக நினைவில்லை. காலை ஐந்தரைக்கு எழுந்து பால் புட்டிகளைக் கழுவுவேன். அவளுடைய பையில் டயப்பர், மாற்றுத் துணி, மருந்து எல்லாம் இருக்கின்றனவா என்று பார்ப்பேன். பார்த்து மூடிய பையை மின்தூக்கிக்குள் நின்று மறுபடியும் திறப்பேன். சிங்கப்பூரின் கிழக்கே பிடோக்கில், எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழேயே குழந்தைப் பராமரிப்பு நிலையம் இருந்தது. அவளை அங்கே கொடுத்துவிட்டு ரயிலேறினால் தீவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம். கணவருக்கு விமான நிலையத்தில் ஷிப்ட் வேலை. அவருடைய நேரமும் என்னுடைய நேரமும் வாரத்தில் இரண்டு நாள் ஒத்துப்போனால் பெரிய விஷயம்.

மேற்கே தொழிற்பேட்டையில் ஒரு சிறிய பட்டறையில் நான் கணினி கட்டளைப்படி உலோகம் வெட்டும் சிஎன்சி இயந்திரங்களுக்கு நிரல் எழுதுகிறேன். எண்ணெய்க் குழாய்களில் பொருத்தும் வால்வுகளின் உடல்பகுதியை எஃகில் குடைந்து தருவது எங்கள் தொழில். எந்த டூல் முதலில் வெட்ட வேண்டும், எவ்வளவு ஆழம், எவ்வளவு வேகம், அடுத்து எந்த டூல் என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. ஒரு வால்வு உடலுக்குப் பதினெட்டு டூல்கள் வரை தேவைப்படும். அவற்றை மனிதர் யாரும் மாற்றுவதில்லை. இயந்திரமே மாற்றிக்கொள்ளும்.

விடுப்புக்கு முன் எட்டு வருடம் நான் வேலை செய்தது ஒரு பழைய இயந்திரத்தோடு. குடையைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு வட்டத் தட்டு, அதன் விளிம்பைச் சுற்றிலும் டூல்கள் தொங்கும். ஒரு டூலின் வேலை முடிந்ததும் தட்டு ஸ்பிண்டிலுக்குப் பக்கத்தில் வரும். ஸ்பிண்டில் என்பது டூலைப் பிடித்துக்கொண்டு சுழலும் தண்டு. அது தன்னிடமுள்ள டூலை அதனுடைய சொந்த இடத்தில் விட்டுவிட்டு மேலே போகும். தட்டு சுற்றி அடுத்த டூலை நேரே கொண்டுவந்து நிறுத்தும். ஸ்பிண்டில் இறங்கி அதை எடுத்துக்கொள்ளும். மெதுவான வேலைதான். ஆனால் பதினான்காம் டூல் என்றால் என்றைக்கும் பதினான்காம் இடத்தில்தான் இருக்கும். அரைத் தூக்கத்தில்கூடக் கையை நீட்டி எடுக்கலாம்.

நான் விடுப்பில் இருந்தபோது அந்த இயந்திரத்தை விற்றுவிட்டுப் புதிது வாங்கியிருந்தார்கள். இதில் டூல்கள் ஸ்பிண்டிலுக்குப் பக்கவாட்டில், ஒரு மூடிய பெட்டிக்குள், முப்பது கிண்ணங்களில் வரிசையாக இருக்கும். ஒரு டூல் வெட்டிக்கொண்டிருக்கும்போதே அடுத்து வரவேண்டிய டூலை இயந்திரம் தேடிக் கொண்டுவந்துவிடும். அந்த ஒரு கிண்ணம் மட்டும் பெட்டிக்கு வெளியே கவிழ்ந்து, டூல் கீழ்நோக்கித் தொங்கியபடி காத்திருக்கும். முறை வந்ததும் ஸ்பிண்டில் சுழற்சியை நிறுத்தி மேலே வரும். இரண்டு முனையிலும் பிடியுள்ள ஓர் இரும்புக் கை திரும்பி, ஸ்பிண்டிலில் இருப்பதை ஒரு முனையாலும் காத்திருப்பதை மறு முனையாலும் ஒரே நேரத்தில் பற்றும். ஸ்பிண்டிலுக்குள்ளிருக்கும் பிடிப்பு தளரும். கை இறங்கி, அரை வட்டம் சுற்றி, மேலேறும். பிடிப்பு மறுபடி இறுகும். மூன்று வினாடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். வேலைக்குத் திரும்பிய முதல் நாள் கண்ணாடிக் கதவு வழியாக அதைப் பார்த்தபோது கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. நானும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தேன், இங்கே ஒன்றை வெட்டும்போதே அடுத்தது தொங்கிக்கொண்டு நிற்கும். ஆனால் மூன்று வினாடியில் மாற எனக்குத் தெரியவில்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இறக்கிய டூல் தன் பழைய இடத்துக்குப் போகாது. புதிய டூல் எந்தக் கிண்ணத்திலிருந்து வந்ததோ அதிலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் எந்த டூலுக்கும் சொந்த வீடு கிடையாது. காலையில் மூன்றாம் கிண்ணத்தில் இருந்தது மதியம் இருபதில் இருக்கும். எது எங்கே என்று இயந்திரம் தனக்குள் ஓர் அட்டவணை வைத்திருக்கும். நாம் கையால் ஒரு டூலை எடுத்தால், அந்த அட்டவணை சொல்லும் கிண்ணத்திலேயே திருப்பி வைக்க வேண்டும். மாற்றி வைத்துவிட்டால் இயந்திரத்துக்குத் தெரியாது. குட்டையான டூல் என்று நம்பி நீளமான டூலைப் பிடித்துக்கொண்டு, குட்டையானதற்கு உரிய ஆழத்துக்கு முழு வேகத்தில் இறங்கும். பிறகு ஸ்பிண்டிலும் மிஞ்சாது, வேலைப்பொருளும் மிஞ்சாது.

அந்த இயந்திரத்தை ஓட்டியவர் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். சிங்கப்பூருக்கு வந்து பதினோரு வருடம். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை மேடம் என்பார். எத்தனை முறை சொன்னாலும் அந்த மேடத்தை விடமாட்டார். இரண்டு மாதம் முன்பு ஒரு துளையிடும் டூல் உடைந்து, அதற்கான அறிக்கையில் அவர் பெயர் ஏறியிருந்தது. எஃகில் ஏதோ கெட்டியான இடம் இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஆனால் அறிக்கையில் எண்ணங்களுக்கு இடமில்லை. அடுத்த மாதம் அவருடைய வேலை அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு எங்கள் மேற்பார்வையாளர் இரண்டு வரி எழுதிக் கையெழுத்திட வேண்டும். அந்தப் படிவம் அவர் மேசைத் தட்டில் எல்லாருக்கும் தெரியும்படி கிடந்தது. இன்னொரு அறிக்கையில் பெயர் வந்தால் எழுத மாட்டேன் என்று அவர் அண்ணனிடம் சொல்லியிருந்தார்.

மேற்பார்வையாளர் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர், ஐம்பதைத் தாண்டியவர், பேச்சில் இந்த ஊர் 'லா' ஒட்டிக்கொண்டே வரும். நாங்கள் எல்லாரும் பாஸ் என்று கூப்பிடுவோம். கெட்டவர் இல்லை. நான் திரும்பிய முதல் நாள் எல்லார் முன்னாலும் சிரித்துக்கொண்டே சொன்னார்: "புள்ள பெத்ததும் மூளை கொஞ்ச நாளைக்கு லீவுல இருக்கும் லா. என் வைஃப் காரைப் பூட்டாம வந்துடுவா. நீ பாத்து செய், ஆ." நானும் சிரித்தேன். அன்றிலிருந்து எதைச் செய்தாலும் இரண்டு முறை பார்த்தேன். இரண்டு முறை பார்த்தபிறகு, முதல் முறை பார்த்தது எது, இரண்டாவது எது என்று குழப்பம் வரும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பத்து மணி வாக்கில் இயந்திரம் மணியடித்து நின்றது. ஒரு கிண்ணம் முழுதாகக் கவிழவில்லை. அண்ணன் பெட்டியின் பக்கக் கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

"பதினாலு, பதினஞ்சு ரெண்டுலயும் இரும்புச் சீவல் அடைஞ்சு கெடக்கு மேடம். தண்ணியோட சேர்ந்து களி மாதிரி ஆயிடுச்சு."

"டூலை வெளியே எடுத்துட்டுச் சுத்தம் பண்ணிடலாம் அண்ணே."

"நீங்க எடுங்க. நான் போய்க் கூலன்ட் கலந்துட்டு வந்துடறேன், அதுவும் கொறஞ்சிருக்கு."

வெட்டும்போது சூட்டைத் தணிக்க ஊற்றும் அந்தத் திரவத்தைக் கலக்க அவர் போனதும், இரண்டு டூல்களையும் எடுத்துத் தள்ளுவண்டியில் வைத்தேன். பதினான்காம் கிண்ணத்தில் இருந்தது ஒன்பதாம் டூல், முழங்கை நீளத்துக்குத் துளையிடும் டூல். பதினைந்தாம் கிண்ணத்தில் இருந்தது பதினான்காம் டூல், விளிம்பைச் சீவும் குட்டையான ஒன்று. காற்றுக் குழாயால் ஊதி, துணியால் துடைத்து முடிக்கும்போது என் கைப்பேசி அடித்தது. எங்களுக்குக் கைப்பேசி வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. இயந்திரம் ஓட்டுபவர்கள் லாக்கரில் வைத்துவிட வேண்டும்.

"மம்மி, பேபிக்குக் காய்ச்சல், முப்பத்தெட்டு புள்ளி நாலு" என்றார் பராமரிப்பு நிலைய ஆசிரியை. அங்கே எல்லா அம்மாக்களுக்கும் மம்மி என்றுதான் பெயர். "பால் குடிக்கமாட்டேங்கறா. சீக்கிரம் வந்து கூட்டிட்டுப் போகணும், மம்மி."

கைப்பேசியைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டே இரண்டு டூல்களையும் கிண்ணங்களில் வைத்து அழுத்தினேன். கதவை மூடினேன். பாஸிடம் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வரும்போது அண்ணன் கூலன்ட் வாளியோடு எதிரே வந்தார்.

"வச்சுட்டேன் அண்ணே. ஓட்டலாம். பாப்பாவுக்குக் காய்ச்சல்."

"நீங்க கெளம்புங்க மேடம். நான் பாத்துக்கறேன்."

ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. முதல் சில நிலையங்கள் வரை மகளைப் பற்றி மட்டும்தான் நினைத்தேன். காலையில் அவள் உடம்பு கொஞ்சம் சூடாக இருந்ததா? இருந்தது. தூங்கி எழுந்த சூடு என்று நானே சொல்லிக்கொண்டேன். வெப்பமானியை எடுத்தேனா? எடுக்கவில்லை. எடுத்திருந்தால் வேலைக்கு வந்திருக்க முடியாது, அதனால்தான் எடுக்கவில்லையோ என்று தோன்றியதும் எனக்கே அசிங்கமாக இருந்தது. அந்த அசிங்கத்திலிருந்து மனம் வேறு எங்காவது போக நினைத்து, இயந்திரத்துக்குப் போனது.

பதினான்காம் டூலை எங்கே வைத்தேன்?

குட்டையான டூல் வலது கையில் இருந்தது. அதன் கழுத்தில் மஞ்சள் சாயத்தில் 14 என்று எழுதியிருக்கும். கிண்ணத்தின் மேல் தகட்டில் 14 என்று பொறித்திருக்கும். எட்டு வருடம் என் கை பதினான்கைப் பதினான்கில்தான் வைத்திருக்கிறது. ஆசிரியை பேசிக்கொண்டிருந்தபோது என் கை எதைச் செய்தது? பதினைந்தில் வைத்த நினைவு இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. பதினான்கில் வைத்த நினைவைத் தேடினேன். தேடத்தேட அது வந்துவிட்டது. 14 என்ற எழுத்தும் 14 என்ற தகடும் ஒன்றுக்கு மேல் ஒன்று, அவ்வளவு தெளிவாக. உண்மையில் பார்த்ததா, இப்போது நானாக வரைந்துகொண்டதா என்று பிரிக்க முடியவில்லை.

கிளமெண்டி நிலையத்தில் இறங்கிவிட்டேன். திரும்பிப் போவதா, வீட்டுப் பக்கம் போவதா என்று ஓடும் ரயிலில் முடிவெடுக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

நடைமேடையில் நின்று கணக்குப் போட்டேன். நிரல் நான் எழுதியது. இப்போது வால்வின் முகப்பைக் கடைசியாக மழித்துக்கொண்டிருக்கும். வால்வை இறுக்கி மூடும்போது அடைப்பு உட்காரும் முகப்பு அது, கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும். அதற்கு நாற்பது நிமிடம். அது முடிந்ததும் அடுத்த அழைப்பு பதினான்காம் டூல். நான் கிளம்பி முப்பது நிமிடம் ஆகியிருந்தது. பதினான்கு என்று நம்பி இயந்திரம் முழங்கை நீள ஒன்பதைப் பிடித்தால், இறங்கும் வேகத்தில் கண்ணாடிக் கதவு உடைந்து துண்டுகள் வெளியே வரலாம். கதவுக்கு இந்தப் பக்கம் அண்ணன் நிற்பார். அடிபடாவிட்டாலும், அறிக்கையில் இயந்திரத்தை ஓட்டியவர் பெயர்தான் இருக்கும். தட்டில் கிடக்கும் படிவம் தட்டிலேயே கிடக்கும்.

அண்ணனின் எண்ணுக்கு அழைத்தேன். லாக்கருக்குள் அடித்து ஓய்ந்தது. அடிக்கும் என்று தெரிந்தே அழைத்தேன், பாஸை அழைப்பதைத் தள்ளிப்போட. பாஸை அழைத்தால், சரிபார்க்காமல் வந்துவிட்டேன் என்று நானே சொல்வதாகும். மூளை லீவில் இருக்கிறது என்று நானே சொல்வதாகும். ஒரு ரயில் வந்து போனது. ஆசிரியையிடமிருந்து செய்தி வந்தது: "மம்மி, எங்கே இருக்கீங்க?" இன்னொரு ரயில் வந்து போனது. பிறகு பாஸை அழைத்தேன்.

"ஆ, சொல்லு. பாப்பா எப்படி இருக்கு?"

"பாஸ், மெஷின் ஓடுதா?"

"ஓடுது லா. ஏன்?"

"நிறுத்துங்க பாஸ். டூலை மாத்தி வச்சுட்டேனோன்னு இருக்கு. இப்பவே நிறுத்துங்க, ப்ளீஸ், இப்பவே!"

நான் கத்தியிருக்கிறேன். பக்கத்தில் நின்ற மாணவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மறுமுனையில் நாற்காலி உருண்டது, கதவு திறந்தது, இயந்திரச் சத்தம் பெரிதாகக் கேட்டது. அதற்கு மேலே பாஸின் குரல்: "டேய் நிறுத்து! ஸ்டாப்! ஸ்டாப்!" பிறகு இயந்திரச் சத்தம் நின்றது. தொடர்பும் அறுந்தது.

அடுத்து வந்த ரயிலில் ஏறினேன். பிடோக் வரை அவர் அழைக்கவில்லை. மகளை வாங்கித் தோளில் போட்டபோது அவள் மூச்சு என் கழுத்தில் அடுப்பு மாதிரி இருந்தது. கிளினிக்கில் எண் எடுத்துக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் பாஸ் அழைத்தார்.

"டூல் எல்லாம் கரெக்டா இருக்கு" என்றார். "பதினாலைக் கூப்பிட்டா பதினாலுதான் வருது. நீ சரியாத்தான் வச்சிருக்க."

எனக்கு அழுகை வந்தது. நிம்மதியில் வந்த அழுகை என்று நினைத்தேன்.

"ஆனா வால்வோட முகப்பு போச்சு. நான் கத்துனதுல அவன் செவப்பு பட்டனை அடிச்சுட்டான். கட்டர் அப்படியே கடிச்சு நின்னுடுச்சு. கீறல் ஆழமா இருக்கு, எடுக்க முடியாது. வேற பீஸ்தான் போடணும்."

மூன்று நாள் வேலை அந்த வால்வு. என் கையில் தவறில்லை. என் சந்தேகம்தான் அதைக் கெடுத்தது. மகளின் நெற்றியில் ஒட்டியிருந்த குளிர்ச்சிப் பட்டையை அழுத்திக்கொண்டிருந்தேன்.

"இங்க பாரு" என்றார் பாஸ், குரலைத் தணித்து. "அஞ்சு மணிக்குள்ள ரிப்போர்ட் அனுப்பணும். ஆபரேட்டர் எமர்ஜென்சி ஸ்டாப்னு போட்டுடறேன். பட்டனை அடிச்சது அவன்தானே. நீ இப்பத்தான் லீவுல இருந்து வந்திருக்க, உன் பேரு எதுக்கு இதுல? புள்ளையப் பாரு."

அந்த நேரத்தில் திரையில் எங்கள் எண் வந்தது. "ம், சரி பாஸ்" என்றேன்.

சரி என்று நான் சொன்னேன். இதைப் பின்னால் பல விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். எண் வந்துவிட்டது, குழந்தை அழுதாள், காதில் சரியாக விழவில்லை என்று. எல்லாம் நன்றாக விழுந்தது.

வீட்டுக்கு வந்து மருந்து கொடுத்து, ஈரத்துணியால் துடைத்ததும் அவள் என் மார்மேல் தூங்கிப்போனாள். அசைந்தால் எழுந்துவிடுவாள். மணி மூன்றரை. கணவரை அழைத்து மெல்லிய குரலில் சொன்னேன்.

"அவரு உன் நல்லதுக்குத்தானே சொல்றாரு?" என்றார்.

"அண்ணனோட பர்மிட் போயிடும்."

"போகும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"பாஸே சொல்லியிருக்காரு."

"அப்ப எங்கிட்ட ஏன் கேக்குற?" என்றார். கோபமாகச் சொன்னாரா, களைப்பாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. இரண்டும் எங்கள் வீட்டில் அப்போது ஒரே குரலில்தான் வந்தன.

ஒரு கையால் பாஸுக்குச் செய்தி எழுதினேன். நிறுத்தச் சொன்னது நான், காரணம் என் சந்தேகம், ஆபரேட்டர் சொன்னபடி செய்தார், அறிக்கையில் அப்படியே எழுதுங்கள். அழித்தேன். மன்னிப்புக் கேட்டு நீளமாக எழுதினேன். அதையும் அழித்தேன். கடைசியில் முதலில் எழுதியதையே திரும்ப எழுதி, நாலே முக்காலுக்கு அனுப்பினேன். அனுப்பியதும், தாமதமாகிவிட்டதோ, அறிக்கை முன்பே போய்விட்டதோ என்ற பயம் தொடங்கியது. ஐந்தேகாலுக்குப் பதில் வந்தது. "ஓகே." அவ்வளவுதான். எதற்கு ஓகே என்று தெரியவில்லை. மறுபடி கேட்கத் தைரியமில்லை.

மகளுக்கு வெள்ளிக்கிழமைதான் காய்ச்சல் இறங்கியது. அந்த வாரம் அதன் பிறகு நான் வேலைக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை கணவர் எங்களை, நம் ஊர்த் தொழிலாளர்கள் வாராவாரம் கூடும் தேக்காவுக்கு அழைத்துப் போனார். வீட்டுக்குள்ளேயே கிடந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்றார். ஞாயிறு மாலை அந்தத் தெருக்களில் குழந்தை வண்டியைத் தள்ளுவது எவ்வளவு முட்டாள்தனம் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். கூட்டம் நடைபாதையை விட்டுச் சாலைக்கு வழிந்திருந்தது. கணவர் காய்கறிக் கடைக்குள் போனார். நான் வண்டியோடு வெளியே ஒரு தூணோரம் ஒதுங்கி நின்றேன்.

"மேடம்!"

அண்ணன். இஸ்திரி போட்ட சட்டை, தலையில் எண்ணெய். அவரை அப்படி நான் பார்த்ததேயில்லை. கூட இரண்டு நண்பர்கள், பையில் ஊற்றிக் கட்டிய டீ பொட்டலம் ஆளுக்கொன்று கையில் தொங்க.

"இவங்கதான் அந்த மேடமா?" என்றான் ஒருவன்.

"எந்த மேடம்?" என்றேன்.

"ஒண்ணுமில்ல மேடம், அவன் கெடக்கான்" என்று அண்ணன் அவன் தோளில் ஒன்று போட்டார். பிறகு குனிந்து வண்டிக்குள் பார்த்தார். "காய்ச்சல் விட்டுடுச்சா? எளச்சுப்போயிட்டாளே."

"விட்டுடுச்சு அண்ணே. அன்னைக்கு... ரிப்போர்ட்டுல..."

"பாஸ் சொன்னாரு. உங்க பேரைத்தான் போட்டுருக்காரு. ரெண்டாவது தடவை திருத்தி அனுப்புனாராம், அதுக்கு என்னை நாலு திட்டு. நீங்க செஞ்சதுக்கு நான் திட்டு வாங்குறது என்ன நியாயம்னு நெனச்சுக்கிட்டேன்." சிரித்தார்.

"ஃபார்ம்?"

"அது தட்டுலயேதான் கெடக்கு. நாளைக்குப் பேசலாம்னு இருக்காரு."

நான் நன்றியை எதிர்பார்த்தேனா என்று தெரியவில்லை. எதிர்பார்த்திருப்பேன். அவர் டீ பொட்டலத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"ஒண்ணு கேக்கலாமா மேடம்? தப்பா எடுத்துக்கக் கூடாது."

"கேளுங்க."

"முகப்பு ஓடிக்கிட்டிருக்கறப்ப பதினாலு வெளியே வந்து தொங்கிக்கிட்டுத்தானே இருக்கும்? அடுத்தது அதானே. கண்ணாடி வழியாப் பார்த்தாலே தெரியும், குட்டையா நெட்டையான்னு. பாஸ்கிட்ட நிறுத்துன்னு சொன்னீங்க. பாருன்னு சொல்லியிருக்கலாம்ல?"

அடுத்த டூல் முன்கூட்டியே வந்து காத்திருக்கும் என்று நிரலில் எழுதியதே நான்தான். அதை விளக்கத் தெரிந்த எனக்கு, கிளமெண்டி நடைமேடையில் அது ஞாபகம் வரவேயில்லை.

"அதுவும் விடுங்க" என்றார். "டூல் பெட்டியில யாரு கை வச்சாலும், ஓட்டறதுக்கு முன்னால நான் ஒவ்வொண்ணாக் கூப்பிட்டுப் பாத்துடுவேன். நீங்க வச்சாலும் சரி, அந்த மெஷின் கம்பெனிக்காரன் வச்சாலும் சரி. அன்னைக்கும் நீங்க வாசலைத் தாண்டறதுக்குள்ள ஒம்பதையும் பதினாலையும் கூப்பிட்டுப் பாத்துட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணேன். பாஸ் கத்துனாரு, யாரோ உள்ள கையக் குடுத்துட்டாங்கன்னு நெனச்சு அடிச்சேன்."

"நீங்க பாத்திருப்பீங்கன்னு எனக்குத் தோணல அண்ணே."

சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அதுதான் உண்மை. அந்த முப்பது நிமிடமும் கிளமெண்டியில் இரண்டு ரயில் நேரமும் நான் அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். நான் கிளம்பும்போது அவர் பாத்துக்கறேன் என்று சொன்னதை ஒரு பேச்சுக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

நண்பர்களில் ஒருவன் கடைப்பலகையைப் படிக்கத் தொடங்கினான்.

"தோணாதுதான்" என்றார் அண்ணன் கடைசியில். "சரி, பாப்பாவை ரொம்ப நேரம் இந்தக் கூட்டத்துல வச்சிருக்காதீங்கம்மா. போன வாரம் எங்க டார்மிட்டரியில பாதிப் பேருக்கு இருமல்."

கணவர் முருங்கைக்காயோடு வெளியே வந்தபோது அவர்கள் கூட்டத்தில் கலந்திருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை பாஸ் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் கீறல் விழுந்த வால்வு, கழுத்தில் சிவப்புச் சீட்டோடு. அவர் பேசும்போது நான் அதன் முகப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பளபளப்பில் பாதித்தூரம் போய் ஒரு பிறை மாதிரி பள்ளம். நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தேன், பள்ளத்தில் மாட்டி நின்றது.

"மேல இருந்து கேட்டாங்க" என்றார் பாஸ். "புரோகிராமர் டவுட்ல ஸ்டாப் பண்ணச் சொன்னாங்கன்னு எழுதுனா, அதுக்கு என்ன ஆக்‌ஷன்னு கேக்கறாங்க. நான் என்ன லா எழுதறது? சந்தேகப்படாதேன்னு எழுதவா?"

நான் வால்விலிருந்து கையை எடுத்தேன்.

"அதனால இப்படி. மூணு மாசத்துக்கு நீ டூல் பெட்டியில கை வச்சா, இன்னொரு ஆள் பாத்துக் கையெழுத்துப் போடணும். அது இல்லாம மெஷின் ஓடக்கூடாது." அண்ணனைப் பார்த்தார். "நீதான் போடப்போற. அதுக்கு நீ இங்க இருக்கணும்ல?" தட்டிலிருந்து படிவத்தை எடுத்து, எழுந்து நின்றபடியே இரண்டு வரி எழுதிக் கையெழுத்திட்டார். பேனா ஒருமுறை எழுதாமல் போய், உதறிவிட்டு மறுபடி எழுதினார். அண்ணன் அந்தத் தாளை வாங்கி, மடிக்காமல், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெளியே போனார்.

எட்டு வருடம் வேலை பார்த்த பிறகு என் வேலைக்கு இன்னொருவர் கையெழுத்து. அவமானமாகத்தான் இருந்தது. அதோடு, யாருக்கும் சொல்ல முடியாத ஒரு சின்ன ஆறுதலும் இருந்தது, இனி இரண்டாவது முறை பார்ப்பது என் வேலையில்லை என்று. ஆனால் அந்த ஆறுதலைக்கூட நம்பாமல் மூன்றாவது முறை பார்க்கத்தான் செய்தேன்.

அன்று மதியம் ஒன்பதாம் டூலின் முனை மழுங்கியிருந்ததால் மாற்ற வேண்டியிருந்தது. திரையில் அட்டவணையைத் திறந்தேன். ஒன்பது அப்போது ஏழாம் கிண்ணத்தில் இருந்தது. எடுத்து, முனையை மாற்றி, நீளம் அளந்து, திருப்பி வைத்தேன். அண்ணன் சரிபார்ப்புத் தாளோடு வந்து நின்றார்.

"ஒம்பது எங்க மேடம்?"

"ஏழுல."

குனிந்து பார்த்தார். பிறகு கதவை மூடி, அதைக் கூப்பிட்டார். இரும்புக் கை சுழன்றது. கண்ணாடி வழியாக இருவரும் பார்த்தோம். நீளமான டூல், கழுத்தில் மஞ்சளில் 9. தாளில் என் பெயருக்கு எதிரே அவர் மெதுவாகத் தமிழில் கையெழுத்துப் போட்டார். பெயர் முழுதாக, கடைசிப் புள்ளி வரை.

"ஓட்டலாமா?" என்றார்.

பையில் கைப்பேசி அதிர்ந்தது. பராமரிப்பு நிலையத்தின் எண்.

"ஓட்டுங்க அண்ணே" என்று சொல்லிவிட்டு அதை எடுத்தேன்.